மேடும் பள்ளமும்

பிரான்ஸ் தேசத்தில் சைக்கிள் சவாரி என்றதும் பெரும்பாலான நேயர்களின் மனக்கண் முன் ஒரே காட்சிதான் தோன்றும். ஜூலை மாதத்து வெயில். சாலையின் இரு பக்கமும் ஜனக்கூட்டம். நடுவே வில்லிலிருந்து புறப்பட்ட அம்புகளைப் போல் பாய்ந்து செல்லும் வாலிபர்கள். அவர்களில் ஒருவர் மேல் மஞ்சள் சட்டை. அதுதான் டூர் டி பிரான்ஸ் என்னும் பிரசித்தி பெற்ற பந்தயம். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த வாரம் நான் எழுதப் போவது, எந்தப் பந்தயத்திலும் சேர முடியாதவர்களைப் பற்றி. வயதானவர்கள், அவசரமில்லாதவர்கள், மேடு கண்டால் மூச்சு வாங்குகிறவர்கள் – சுருங்கச் சொன்னால், என்னைப் போன்றவர்களைப் பற்றி.

தென்கிழக்குப் பிரான்ஸில் செந்த் எத்தியேன் என்று ஒரு தொழில் நகரம் உண்டு. நிலக்கரி, துப்பாக்கி, பட்டு நாடா, சைக்கிள் ஆகிய நான்கினாலும் ஒரு காலத்தில் பெயர் பெற்று விளங்கிய ஊர். ஊரை விட்டுத் தெற்கே புறப்பட்டதும் மலை எதிரே வந்து நிற்கும். சுமார் 13 கிலோமீட்டர் தூரத்துக்குள் 600 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். அதாவது, நூறு மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய ஐந்து மீட்டர் உயர வேண்டும். காகிதத்தில் பார்த்தால் இது அற்பமாகத் தோன்றும். கால்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லும். மேலே உள்ள கணவாய்க்கு ரெபுப்ளிக் கணவாய், அதாவது குடியரசுக் கணவாய் என்று பெயர். அதன் உயரம் 1161 மீட்டர். 1903-ஆம் வருஷத்தில் நடந்த முதலாவது டூர் டி பிரான்ஸ் பந்தயமே இந்தக் கணவாயைத் தாண்டித்தான் சென்றது.

ஒரு ஜூன் மாதத்தில், ஐம்பத்தேழு வயது நிரம்பிய அடியேன், வாடகைக்கு எடுத்த சைக்கிளில் இந்த மலையை ஏறத் துணிந்தேன். வண்டியில் பல வேகங்களுக்குரிய கியர்கள் இருந்தன. ஆனால் ஆரம்பத்திலேயே சிறிய கியருக்கு இறங்குவது எனக்குப் பெரிய மானக்கேடாகத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு பெரிய கியரிலேயே மிதித்தேன். நான்காவது கிலோமீட்டரில் முழங்கால் முணுமுணுக்க ஆரம்பித்தது. ஆறாவதில் வெளிப்படையாகவே கலகம் செய்தது. அந்தச் சமயத்தில் பின்னாலிருந்து ஒரு பாட்டியம்மாள் வந்தார். எழுபது வயது இருக்கலாம். கால்கள் ராட்டினம் போல் இலேசாகச் சுற்றிக்கொண்டிருந்தன. எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, மூச்சுக்கூட வாங்காமல் என்னைத் தாண்டிப் போனார். நான் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு மூன்று நாள் விடுதியின் படிக்கட்டு ஏறுவதற்குக்கூட இருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

கணவாயில் அந்த அம்மாள் ஒரு நினைவுக் கல்லின் அருகில் உட்கார்ந்து ஆப்பிள் பழம் தின்றுகொண்டிருந்தார். அந்தக் கல் யாருக்காக நாட்டப்பட்டது என்பதை அறிந்தபோதுதான் என் தோல்வியின் காரணமும் எனக்கு விளங்கிற்று.

போல் த விவி என்பது அவர் பெயர். பத்திரிகையில் வைத்துக்கொண்ட புனைபெயர் வெலோசியோ. 1853-இல் பிறந்தவர். பட்டு வியாபாரத்தை விட்டுச் சைக்கிள் தொழிலில் இறங்கினார். 1887-ஆம் வருஷம் செந்த் எத்தியேனில் ஒரு சைக்கிள் பத்திரிகையை ஆரம்பித்தார். சைக்கிளைப் பந்தயக் குதிரையாக அல்லாமல் யாத்திரை வாகனமாகக் கருத வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் உபதேசம். மாமிச உணவை நீக்கியவர். பசிக்கும் முன் புசி, தாகம் எடுக்கும் முன் குடி, களைத்து விழும் வரையில் மிதிக்காதே என்பன போன்ற விதிகளைத் தம் சீடர்களுக்கு வகுத்துக் கொடுத்தார். அவற்றில் கடைசி விதி, வீண் பெருமைக்காக ஒருபோதும் பெடல் மிதிக்காதே என்பது. ஆறாவது கிலோமீட்டரில் எனக்கு அதை யாராவது ஞாபகப்படுத்தியிருக்கலாம்!

ஒரே சைக்கிளில் பல கியர்கள் வேண்டும் என்று இடைவிடாமல் வாதாடியவர் வெலோசியோ. இதன் தத்துவம் எளிது. பின் சக்கரத்துப் பல்வட்டம் பெரிதாகவும் முன்வட்டம் சிறிதாகவும் இருந்தால், ஒரு மிதிக்கு வண்டி குறைந்த தூரமே நகரும். ஆனால் அந்த மிதிக்கு வேண்டிய பலமும் அதற்கேற்பக் குறையும். மலை குறைந்துவிடுவதில்லை. அதே மலையைச் சிறு சிறு தவணைகளாகச் செலுத்தித் தீர்க்கிறோம். கடனைத் தவணை முறையில் அடைப்பதில் அவமானம் ஒன்றும் இல்லையே?

ஆனால் அவமானம் இருக்கிறது என்று சொன்ன ஒருவர் இருந்தார். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஸ்தாபித்த ஆன்ரி தெகிராஞ்சுதான் அவர். ஜயிக்க வேண்டியது மனிதனுடைய தசையே அன்றி யந்திரத்தின் தந்திரம் அல்ல; கியர் மாற்றுவது வயது சென்றவர்களுக்கே உரியது என்பது அவருடைய கொள்கை. ஆகையால் அவருடைய பந்தயக்காரர்கள் மலையடிவாரத்தில் கீழே இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்துப் பல்வட்டம் வரும்படி திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். அவர் நிர்வாகத்திலிருந்து விலகிய பிறகு, 1937-ஆம் வருஷத்தில்தான் கியர் மாற்றும் கருவிக்கு அங்கே அனுமதி கிடைத்தது. வெலோசியோ அதைக் காண இருக்கவில்லை. 1930-இல், தமது 76-ஆவது வயதில், செந்த் எத்தியேன் வீதி ஒன்றில் டிராம் வண்டி மோதி அவர் காலமானார். அவரைக் கௌரவிப்பதற்காக இந்தக் கணவாய்க்கு ஏறும் சைக்கிள் விழா, அவர் உயிரோடிருந்த காலத்திலேயே, 1922-இல் ஆரம்பமாகிவிட்டது.

*

நான்காம் நாள் என் முழங்காலும் நானும் சமாதானம் செய்துகொண்டு மறுபடி புறப்பட்டோம். இந்தத் தடவை முதல் மேட்டிலேயே மிகச் சிறிய கியரைப் போட்டேன். எறும்பைப் போல் ஏறினேன். ஆனால் ஓரிடத்திலும் இறங்கவில்லை. முன்பு நான் பார்த்தது என் கைப்பிடியையும் தார் ரோட்டையும்தான். இப்போது தேவதாரு மரங்களைப் பார்த்தேன். அவற்றின் வாசனையை அனுபவித்தேன். ஓடை சலசலப்பதைக் கேட்டேன்.

கணவாயில் இன்னொரு விசேஷம் உண்டு. அங்கே பெய்யும் மழையில் வடக்கே விழும் துளி ஃபூரான் என்னும் சிற்றாற்றில் சேர்ந்து, லுவார் நதி வழியாக அட்லாண்டிக் மகாசமுத்திரத்துக்குப் போகிறது. தெற்கே விழும் துளி ரோன் நதியில் கலந்து மத்தியதரைக் கடலை அடைகிறது. ஒரே மேகத்தின் இரு குழந்தைகள் இரண்டு சமுத்திரங்களுக்கு வாழ்க்கைப்படுகிறார்கள்! மோட்டாரில் போகிறவர்களுக்கு இந்த எல்லை தெரியவே தெரியாது. சைக்கிளில் ஏறி வந்தவனுக்கோ, பெடல் தானாக இலேசாகும் அந்த ஒரு கணத்தில் அது உடம்பிலேயே தெரிந்துவிடுகிறது.

அங்கிருந்து பூர் அர்ஜாந்தால் என்ற ஊருக்கு இறங்கி, அனோனே வழியாகச் செல்லலாம். 1783-இல் மோன்கோல்பியர் சகோதரர்கள் வெப்பக் காற்றுப் பலூனை ஜனங்கள் பார்க்க ஆகாயத்தில் பறக்கவிட்டது அந்த அனோனேயில்தான். பிறகு ரோன் நதிக் கரை. ஜினீவா ஏரியிலிருந்து மத்தியதரைக் கடல் வரையில் 815 கிலோமீட்டர் நீளும் சைக்கிள் பாதை ஒன்று இந்த நதியோடு கூடவே போகிறது. இங்கே ஒரு எச்சரிக்கை: மிஸ்த்ரால் என்னும் வாடைக்காற்று இந்தப் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து தெற்காகச் சீறும். ஆகவே தெற்கு நோக்கிப் போகிறவர்களுக்கு அது நண்பன். எதிரே வருகிறவர்களுக்குச் சத்துரு.

வாலான்ஸ் நகரத்துக்குத் தெற்கே லா வூல்த் என்ற சிற்றூரில் ஏரியே நதியின் பள்ளத்தாக்கு பிரிகிறது. அங்கே முன்னொரு காலத்தில் மலைக்கிராமங்களுக்குப் போகும் குறுகிய ரயில் பாதை இருந்தது. 1968-இல் அந்த ரயில் நின்றுபோயிற்று. தண்டவாளம் போன பின்னும் பாதையும், பாலங்களும், குகைகளும் மிஞ்சின. இப்போது சுமார் 90 கிலோமீட்டர் தூரம் சைக்கிளுக்கும் நடைக்கும் உரிய பாதையாக அதைச் செப்பனிட்டு, 'தோல்ச்சே வியா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இனிய வழி என்று பொருள்.

ரயில் எஞ்சினுக்கும் என் முழங்காலுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: இரண்டும் செங்குத்தான மேட்டைச் சகிப்பதில்லை. ஆகவே அந்தக் காலத்து எஞ்சினியர்கள் மலையோடு சண்டைக்குப் போகவில்லை. நதி வளைந்த இடமெல்லாம் தாங்களும் வளைந்தார்கள். லா வூல்த்திலிருந்து ஷெலார் என்ற ஊர் வரையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் ஏற்றம் 300 சொச்சம் மீட்டர்தான். ஒரு பக்கம் பீச் பழத் தோட்டம், மேலே செஸ்ட்நட் மரங்கள், கீழே பாறைகளுக்கிடையே பளிங்கு போன்ற நீர். பழைய ரயில் நிலையங்களின் வாசலில் குழந்தைகள் தங்கள் சிறு சைக்கிள்களைச் சாத்திவிட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய தாத்தாக்கள் பக்கத்தில் இருந்தார்கள். பந்தயக்காரர் ஒருவரையும் காணோம்.

வெலோசியோ மலைக்கு ஏற்றபடி சக்கரத்தை மாற்றினார். ரயில் எஞ்சினியர்கள் மலைக்கு ஏற்றபடி வழியை மாற்றினார்கள். இருவரும் மலையை ஜயிக்கவில்லை. அதற்கு உரிய மரியாதையைக் கொடுத்தார்கள். அதனால்தான் குழந்தையும் கிழவனும் இன்று அந்த வழியில் போக முடிகிறது. பலசாலி ஒருவனால் மட்டும் ஏற முடிகிற பாதையைக் காட்டிலும், ஊரில் உள்ள எல்லோரும் ஏறக்கூடிய பாதையே ஒரு தேசத்துக்குச் செல்வம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாழ்க்கையிலும் மேடு வரத்தான் செய்யும். அப்போது கியரை இறக்கிக்கொள்ளத் தயங்காதீர்கள். தயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு என் இடது முழங்கால் சாட்சி. மழைக்காலத்தில் அது இன்னமும் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.