ஆறு கால் ஸ்விட்ச்சும் ஒரு பொம்மை மோட்டாரும்

"பையனுக்கு எலக்ட்ரானிக்ஸ்ல ஆர்வம் இருக்குங்க, என்ன கிட் வாங்கித் தரலாம்?" டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்க அடிக்கடி கேக்கிற கேள்வி இது. வெள்ளாமை பண்றவன்கிட்ட கேக்கிற கேள்வியான்னு உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனா ஒரு நாளைக்கு மோட்டாரோடவும் ஸ்விட்ச்சோடவும் அதிகமா மல்லுக்கட்டுறது யாருன்னு பார்த்தா அது நாங்கதான். போர் மோட்டார், கிணத்து மோட்டார், தட்டு வெட்டுற மெஷினு, முதுகுல மாட்டுற பேட்டரி ஸ்பிரேயர்னு விடிஞ்சதுல இருந்து ஏதாவது ஒண்ண ஆன் பண்ணிக்கிட்டும் ஆஃப் பண்ணிக்கிட்டும்தான் இருக்கோம்.

என் பதில் எப்பவும் ஒண்ணுதான். கிட் அப்புறம் வாங்கலாம். முதல்ல பொம்மை காருக்குள்ள இருக்குமே, அந்த மூணு வோல்ட் மோட்டார் ஒண்ணு, ரெண்டு பென்சில் செல், செல் மாட்டுற டப்பா, ஆறு கால் வச்ச ஒரு ஸ்விட்ச், ரெண்டு டார்ச் பல்பு, ரெண்டு கலர்ல கொஞ்சம் வயரு, இவ்வளவு வாங்கிக் குடுங்க. எல்லாம் சேர்ந்தாலும் ஒருத்தர் சினிமாவுக்குப் போய் வர்ற செலவு கூட ஆகாது. அவனையே இணைக்க விடுங்க. நீங்க பக்கத்துல உக்காந்திருந்தா போதும்.

இதை நான் காசு மிச்சம் பிடிக்கச் சொல்லலீங்க. இப்ப வர்ற கிட்டுல எல்லாமே தயாரா இருக்கு. இங்க சொருகு, அங்க சொருகு, செல்போன்ல அமுக்கு, சக்கரம் சுத்தும். ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு இன்னும் மோசம். டவுனு கடையில முழு மாடலே ஒட்டி, பெயிண்ட் அடிச்சு விக்கிறாங்க. காத்தாலை, தானா திறக்கிற கேட்டு, தண்ணி இறைக்கிற கிணறுன்னு எது வேணும்னாலும் கிடைக்கும். அதை வாங்கிட்டு வந்து நின்ன ஒரு பொண்ணுகிட்ட, "இது எதிர்ப்பக்கம் சுத்தணும்னா என்ன கண்ணு பண்ணுவே?"ன்னு கேட்டேன். "மாமா, அதுக்கு வேற மாடல் வாங்கணும்"னு சொல்லிச்சு. அந்தப் புள்ளை மேல தப்பே இல்லை. அது கையில குடுத்தது வெறும் பொம்மை.

எதிர்ப்பக்கம் சுத்த வைக்கிறதுக்குத்தான் அந்த ஆறு கால் ஸ்விட்ச். மூணு மூணா ரெண்டு வரிசையில கால் இருக்கும். நடு ரெண்டு காலையும் மோட்டாருக்குக் குடுக்கணும். ஒரு ஓரத்து ரெண்டு காலுக்கு செல்லோட பிளஸ்ஸும் மைனஸ்ஸும். அந்த ஓரத்துல இருந்து எதிர் ஓரத்துக்கு ரெண்டு துண்டு வயரைப் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போடணும். அவ்வளவுதான். ஸ்விட்ச்சை ஒரு பக்கம் தள்ளினா மோட்டார் வலமா சுத்தும், இன்னொரு பக்கம் தள்ளினா இடமா சுத்தும். நடுவுல நிக்கிற மாதிரி ஸ்விட்ச் கிடைச்சா அதுல ஆஃபும் உண்டு. அந்தப் பெருக்கல் குறியை ஒரு குழந்தை தன் கையால போட்டு, தள்ளிப் பார்த்து, மோட்டார் திரும்பிச் சுத்துறதைப் பார்க்கிற அந்த நேரம் இருக்கே, பத்தாம் வகுப்புல ஃபிளெமிங் இடது கை விதின்னு மூணு விரலை நீட்டி மனப்பாடம் பண்ணினது எல்லாம் அப்பத்தான் உள்ளே போகும். மின்சாரம் ஒரு பக்கமா வந்து சுத்தி மறு பக்கமா திரும்பிப் போகுது, பாதையை மாத்தினா சுத்துறதும் மாறும். கண்ணு முன்னால நடக்குது.

எங்க ஊர்ல இது தெரியாம இருந்தா பொழைக்க முடியாது. புதுசா போர் மோட்டார் இறக்கினா, தண்ணி பாதிதான் வருதேன்னு நிப்பாங்க. மூணு பேஸ் மோட்டார் தலைகீழா சுத்தினாலும் கொஞ்சம் தண்ணி தள்ளும், அதனால சட்டுனு கண்டுபிடிக்க முடியாது. விவரம் தெரிஞ்ச ஆளு வந்து மூணு வயருல ஏதாவது ரெண்டை மட்டும் மாத்திக் குடுப்பாரு. தண்ணி குபுகுபுன்னு கொட்டும். பொம்மை மோட்டார்ல ரெண்டு வயரை மாத்துறோம், இங்க மூணுல ரெண்டை மாத்துறோம். ஆனா வீட்டுல இருக்கிற ஒத்தை பேஸ் மோட்டாருக்கு இந்த வித்தை பலிக்காது. பிளக்கைத் திருப்பிச் சொருகினாலும் அது பழைய பக்கமேதான் சுத்தும். அதுல ஸ்டார்ட்டிங் காயிலோட ரெண்டு முனையை மட்டும் மாத்தணும். ஏன் அப்படின்னு கேக்கிற பையன் அடுத்த படிக்குத் தயாராயிட்டான்னு அர்த்தம். காயில் கட்டுற கடைக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க, அவங்க பிரிச்சே காட்டுவாங்க.

இனிமேதான் நான் சொல்ல வந்ததே இருக்கு. ஆர்வம், அறிவு, பரிசு எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். மின்சாரம் அடிச்சுச் செத்தவங்க இல்லாத ஊரு எங்க பக்கத்துல கிடையாது. அவங்கள்ல பாதிப் பேரு அலட்சியமா இருந்தவங்க இல்லை. "ஆஃப் பண்ணியாச்சு"ன்னு நம்பிக் கை வச்சவங்க.

மோட்டார் நின்னுடுச்சுன்னா அங்க கரண்ட் இல்லைன்னு நம்ம புத்தி சொல்லுது. இது தப்புன்னு நூறு தடவை வாயால சொன்னாலும் ஏறாது. மூணு வோல்ட்ல காட்டினா ஒரே தடவையில ஏறும். எப்படின்னு சொல்றேன்.

ஒரு மோட்டார், ரெண்டு செல், சாதா ஆன் ஆஃப் ஸ்விட்ச் ஒண்ணு. முதல்ல ஸ்விட்ச்சை பிளஸ் வயர்ல வைங்க. ஆஃப் பண்ணினா மோட்டார் நிக்கும். இப்ப ஒரு டார்ச் பல்போட ஒரு முனையை செல்லோட மைனஸ்லயும், இன்னொரு முனையை மோட்டாரோட ரெண்டு காலுல ஒவ்வொண்ணா தொட்டும் பார்க்கச் சொல்லுங்க. எரியாது. அடுத்து, ஸ்விட்ச்சைக் கழட்டி மைனஸ் வயர்ல வைங்க. ஆஃப் பண்ணுங்க. மோட்டார் இப்பவும் நிக்கும், ரெண்டுக்கும் வெளியில வித்தியாசமே தெரியாது. இப்ப அதே பல்பை மைனஸ்ல ஒரு முனை வச்சு, பிளஸ் வயரு வர்ற மோட்டார் காலைத் தொட்டா, பல்பு பளிச்சுன்னு எரியும். ஸ்விட்ச் ஆஃப். மோட்டார் நிக்குது. ஆனா அந்தக் கால்ல உயிர் இருக்கு.

நம்ம வீட்டு லைன்ல பேஸ்தான் அந்த பிளஸ்ஸுன்னு வச்சுக்குங்க, நியூட்ரல்தான் மைனஸ். நியூட்ரலை டிரான்ஸ்பார்மர்கிட்ட பூமியோட சேர்த்துதான் வச்சிருக்காங்க. அதனால ஈர மண்ணுல வெறுங்கால்ல நிக்கிற மனுசன் நியூட்ரலைத் தொட்டுக்கிட்டே நிக்கிற மாதிரிதான். அந்த எரிஞ்ச பல்பு யாருன்னு இப்ப உங்களுக்கே புரிஞ்சிருக்கும். ஸ்விட்ச்சை நியூட்ரல்ல போட்டு வயரிங் பண்ணின வீடுகள் இன்னைக்கும் இருக்கு. ரெண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகினாலே அந்த மெஷினோட ஸ்விட்ச் நியூட்ரல் பக்கம் போயிடும். "ஸ்விட்ச் எப்பவும் பேஸ்ல இருக்கணும்"னு எலக்ட்ரீசியன் சொல்றதுக்குப் பின்னால இருக்கிற காரணம் இதுதான். ஆஃப் ஆயிருந்தாலும் பிளக்கைப் பிடுங்கு, மெயினை இறக்கு, டெஸ்டர் வச்சுப் பாரு, அப்புறம் கை வைன்னு சொல்றதும் இதுக்குத்தான்.

மோட்டார் ரூம்ல இதைவிட ஒரு பெரிய கண்ணி இருக்கு. ஸ்டார்ட்டர்ல பச்சை பட்டனை அமுக்கிக் கையை எடுத்தாலும் மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். உள்ள ஒரு காயில் இருக்கு, அது காந்தமாகி காண்டாக்டை இழுத்துப் பிடிச்சுக்குது. அந்த காண்டாக்ட் வழியா வர்ற கரண்ட்டே காயிலுக்கும் போகுது. கரண்ட் போச்சுன்னா காயில் விட்டுடும், திரும்பக் கரண்ட் வந்தாலும் தானா ஓடாது. அது பாதுகாப்புக்காக வச்சது. ஆனா மூணு பேஸ் கரண்ட் ராத்திரி எந்நேரம் வரும்னு காத்துக்கிட்டு இருக்கிறவன் என்ன பண்ணுவான்? ஆட்டோ ஸ்விட்ச் மாட்டி வச்சிருப்பான். கரண்ட் வந்ததும் மோட்டார் தானா ஓடும். ஓடலையேன்னு ஒருத்தன் கப்ளிங்ல கை விட்டிருக்கிற நேரத்துல கரண்ட் வந்தா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்லை. மே மாசம் லீவுக்கு வர்ற உங்க புள்ளைங்க முதல்ல ஓடிப் போய் நிக்கிற இடமும் அந்த மோட்டார் ரூம்தான்.

இந்த ஸ்டார்ட்டர் வேலையையும் சின்னதா செஞ்சு பார்க்கலாம். அஞ்சு வோல்ட் ரிலே ஒண்ணு, அமுக்குற பட்டன் ரெண்டு, மூணு நாலு செல் இருந்தா போதும். ஒண்ணை அமுக்கினா பிடிச்சுக்கணும், இன்னொண்ணை அமுக்கினா விட்டுடணும். எட்டாம் வகுப்புப் பையன் ஒரு சாயங்காலத்துல செஞ்சிடுவான். செல்லைக் கழட்டி மாட்டினா ரிலே தானா பிடிக்காதுங்கிறதைக் கண்டிப்பா காட்டுங்க.

சின்ன மோட்டார்ல இன்னும் சில விசயம் அனுபவத்துல சொல்றேன். பையன் ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி கேப்பான், வோல்ட் ஜாஸ்தி, வேகமா சுத்தும்னு நினைச்சு. அது ரேடியோவுக்கும் அலாரத்துக்கும் செஞ்சது, மோட்டாருக்கு வேணுங்கிற கரண்டை அதால தள்ள முடியாது. கொஞ்ச நேரத்துல சோர்ந்துடும். ரெண்டு பென்சில் செல் அதை விட நல்லா இழுக்கும். வோல்ட் வேற, கரண்ட் வேறன்னு புரிய வைக்க இதை விட நல்ல பாடம் இல்லை. அதே மாதிரி, சுத்துற மோட்டாரைக் கையால பிடிச்சு நிறுத்தினா பல மடங்கு கரண்ட் இழுக்கும், சூடாகும். கிணத்து மோட்டார் சிக்கி நின்னா காயில் கருகுறதும் இதே கதைதான். மோட்டாரைக் கழட்டி ரெண்டு காலையும் ஒண்ணா முறுக்கிட்டு விரலால சுத்தச் சொல்லுங்க, கனமா இருக்கும். பிரிச்சுட்டுச் சுத்தினா லேசா இருக்கும். மோட்டாரே டைனமோன்னு அப்பத் தெரியும்.

ஆஃப் பண்ணும்போது ஸ்விட்ச்சுக்குள்ள பொறி பறக்கும். அதுக்கு டையோடு போடச் சொல்லுவாங்க. ஒரே பக்கம் சுத்துற மோட்டாருக்கு அது சரி. ஆறு கால் ஸ்விட்ச் போட்டு ரெண்டு பக்கமும் சுத்த வைக்கிற மோட்டாருக்குக் குறுக்கே ஒத்தை டையோடு போட்டா, திருப்பித் தள்ளின உடனே செல் நேரா அது வழியா ஷார்ட் ஆயிடும். அங்க 104னு எழுதின சின்ன கெபாசிட்டர் போதும். பொறி சுத்தமா நிக்காட்டியும் பக்கத்து ரேடியோவுல வர்ற கரகரப்பு குறையும்.

"இது அந்தக் காலம், இப்ப எல்லாம் ஆர்டுயினோ"ன்னு ஒரு தம்பி சொன்னாப்ல. நீதி ஆயோக் ஸ்கூல்ல எல்லாம் அடல் லேப் வச்சு அதைத்தான் ஆறாம் வகுப்புல இருந்து சொல்லித் தர்றாங்களாம். நல்லதுதான், எனக்கு அதுல ஒரு விரோதமும் இல்லை. ஆனா எல் 298ங்கிற மோட்டார் போர்டுல நடுவுலயே சுமார் ரெண்டு வோல்ட் காணாமப் போயிடும். ரெண்டு செல்லோட மூணு வோல்ட்டை அதுல குடுத்துட்டு, மோட்டார் சுத்தலை, புரோகிராம் தப்புன்னு மூணு நாள் உக்காந்த பசங்க இருக்காங்க. அந்த போர்டுக்குள்ள இருக்கிறதும் அதே பெருக்கல் குறி வேலைதான். கையால தள்ளுறதுக்குப் பதிலா டிரான்சிஸ்டர் தள்ளுது. பெருக்கல் குறியைப் போட்டுப் பழகினவன் மீட்டர் வச்சு ரெண்டு நிமிசத்துல கண்டுபிடிச்சிடுவான்.

ஒரு கண்டிப்பு மட்டும். சாதா செல்லுதான் குடுக்கணும். பழைய லேப்டாப், செல்போன், பவர் பேங்க்ல இருந்து எடுத்த லித்தியம் செல் வேண்டவே வேண்டாம், ஷார்ட் ஆனா தீப்பிடிக்கும். சாதா செல் ஷார்ட் ஆனா சூடாகி வீணாப் போகும், அவ்வளவுதான். சுவத்து பிளக்குல இருந்து வயர் எடுக்கிற வேலை எந்தக் காரணத்துக்கும் கிடையாது.

கடைக்குப் போறவங்களுக்கு ஒண்ணு. ஸ்விட்ச் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. மூணு கால், ஆறு கால் ரெண்டும் மேல பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கடைக்காரர் அவசரத்துல மூணு காலை எடுத்துக் குடுத்துட்டாலும் கவலைப்படாதீங்க, அதே மாதிரி இன்னொண்ணு வாங்கிக்குங்க. மூணு கால் ஸ்விட்ச் ரெண்டு இருந்தாலும் ரெண்டு பக்கமும் சுத்த வைக்கலாம். ரெண்டு ஸ்விட்ச்சோட நடுக்காலும் மோட்டாருக்கு, ஓரக்கால்கள்ல ஒண்ணு பிளஸ்ஸுக்கு, ஒண்ணு மைனஸுக்கு. ரெண்டையும் ஒரே பக்கம் தள்ளினா மோட்டார் ஏன் வெடுக்குன்னு நிக்குதுன்னு பையன்கிட்டயே கேளுங்க.