டெக்கைக் கொன்றது யார்?

"டெக்கா? அதையெல்லாம் இன்னுமா வைத்திருக்கிறார்கள்!" என்று சிரிப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவில் வி.சி.ஆர். (நம்மூர் பாஷையில் டெக்) வயதாகிச் செத்தது என்கிறார்கள். நல்ல உடம்போடு இருந்ததைக் கழுத்தை நெரித்தார்கள் என்பது என் கட்சி.

கொஞ்சம் பழைய கதை. சோனியின் பீட்டாமேக்ஸ் கருவியை எதிர்த்து யுனிவர்சலும் டிஸ்னியும் வழக்குப் போட்டன. 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு சொன்னது: இலவசமாக ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமில்லை. குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃபிரெட் ரோஜர்ஸ், தன் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிவு செய்துகொள்ளட்டும் என்றே அந்த வழக்கில் சாட்சி சொன்னார். ஒரே ஓட்டில் கிடைத்தாலும் உரிமை உரிமைதான்.

அந்தத் தீர்ப்பை யாரும் ரத்து செய்யவில்லை. ஆனால் 2009 ஜூன் 12-ல் பெரிய நிலையங்கள் எல்லாம் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. டெக்கின் டியூனருக்கு டிஜிட்டல் புரியாது. ஆண்டெனாவுக்கும் டெக்குக்கும் நடுவே ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வைக்க வேண்டும். அதற்கு அரசாங்கமே வீட்டுக்கு இரண்டு கூப்பன் வரை கொடுத்தது, ஒவ்வொன்றும் 40 டாலர். பிரச்சினை தீர்ந்ததா? இல்லை!

பெட்டி ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் பிடிக்கும். அதை 3 அல்லது 4-ம் சேனலாக மாற்றி டெக்குக்கு அனுப்பும். டெக்கின் டைமர் எட்டு மணிக்குச் சரியாக விழித்துக்கொள்ளும். ஆனால் பெட்டியின் சேனலை மாற்ற அதற்குக் கை கிடையாது. எட்டு மணிக்கு ஒரு சேனல், ஒன்பது மணிக்கு இன்னொன்று என்றால் யாராவது எழுந்து போய் மாற்ற வேண்டும். ஆள் இல்லாதபோது பதிவு செய்யத்தானே டெக்கே வாங்கினோம்? ஒன்றைப் பதிவு செய்துகொண்டே இன்னொன்றைப் பார்க்க இரண்டாவது டியூனர் வேண்டும். சில பெட்டிகளில் டைமர் இருந்தது, பலவற்றில் இல்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பதிவு செய்யும் வசதி உள்ள பெட்டிக்குக் கூப்பன் செல்லாது! மக்கள் வரிப்பணம் மாற்றிக்கொடுக்கும் வேலைக்கு மட்டும்தான் என்பது அரசின் வாதம். சரி, ஒத்துக்கொள்வோம். ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டெக்கோடு ஒத்துப்போகும் ஒரு டைமரைக் கட்டாயமாக்க என்ன தடை? பார்ப்பதற்கு வழி செய்தவர்கள், பதிவு செய்வதை ஆடம்பரம் என்று தள்ளிவிட்டார்கள்.

"அதான் இணையத்தில் எல்லாம் இருக்கிறதே" என்பீர்கள். உள்ளூர்ச் செய்தி இருக்கிறதா? நேற்று இருந்த படம் இன்று இருக்கிறதா? ஃபிலடெல்ஃபியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி 1970-களின் இறுதியிலிருந்து 2012-ல் இறக்கும் வரை தொலைக்காட்சிச் செய்திகளை இடைவிடாமல் பதிவு செய்தார். சுமார் 70,000 கேசட்டுகள். அவை பின்னர் இன்டர்நெட் ஆர்க்கைவுக்குப் போய்ச் சேர்ந்தன. நிலையங்களே தூக்கிப்போடுவதை ஒரு சாதாரணக் கருவி காப்பாற்றும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பழங்கதை என்று விட்டுவிடாதீர்கள். 2003-ல் எஃப்.சி.சி., பதிவைக் கட்டுப்படுத்தும் 'பிராட்காஸ்ட் ஃபிளாக்' விதியைக் கொண்டுவந்தது. 2005-ல் நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. இப்போது ஏ.டி.எஸ்.சி. 3.0 என்ற புதிய தரத்தில், பல நிலையங்கள் தாங்களாகவே சிக்னலுக்குப் பூட்டுப் போடத் தொடங்கிவிட்டன. சாவிக்கு அனுமதி பெற்ற கருவிதான் அதைத் திறக்க முடியும். அன்று டெக்குக்கு வந்தது, நேற்று காசு கொடுத்து வாங்கிய டிஜிட்டல் ரெக்கார்டருக்கும் வருகிறது.

அலைவரிசை பொதுச்சொத்து. அதை இலவசமாக வாங்கி ஒளிபரப்புகிறவர்கள், வீட்டுக்குள் நான் என்ன செய்யலாம் என்று எனக்குச் சொல்லக் கூடாது. பொது வானில் வருவதற்குப் பூட்டு வேண்டாம். தரம் மாறும்போதெல்லாம் "பார்க்க முடியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். "பதிவு செய்ய முடியுமா?" என்றும் கேளுங்கள். சட்டப் புத்தகத்தில் உரிமையை வைத்துவிட்டு ரிமோட்டிலிருந்து பட்டனைப் பிடுங்கினால், அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.