அம்பாஸிடர் சாகவில்லை, பிளக்கைப் பாருங்கள்

போன மாதம் என் அம்பாஸிடர் காவிரிப் பாலத்தின் நடுவில் இருமத் தொடங்கியது. மாம்பழச்சாலை வந்து சேர்வதற்குள் நான்கு தடவை குலுங்கியது. பின்னால் டவுன் பஸ்காரரின் ஹாரன் வேறு. முந்தைய வாரம்தான் ஒரு ஒர்க் ஷாப்பில் "இதுதான் சார் இப்ப லேட்டஸ்ட்" என்று நான்கு இரிடியம் பிளக் மாட்டி, அதற்கேற்ற பில்லும் கொடுத்திருந்தார்கள்.

திரும்பப் போய்ச் சொன்னேன். அந்தத் தம்பி பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "இன்ஜின் போச்சு சார். ரீபோர் பண்ணணும். இல்லேன்னா எடைக்குப் போட்டுடுங்க."

எடைக்கா? 1978 மாடல், மார்க் 3. பணிக்கொடைப் பணத்தில் வாங்கியது. என் பெண் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியில்தான் நடந்தது.

வீட்டுக்கு வந்து, உத்தர வீதி நிழலில் நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றினேன். ஃபில்லர் கேஜை விட்டுப் பார்த்தால் இடைவெளி 1.1 மில்லிமீட்டர்! இந்த 1489 சிசி இன்ஜினுக்கு வேண்டியது 25 தௌ, அதாவது சுமார் 0.6 மில்லிமீட்டர்.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். பிரெஞ்சில் பிளக்குக்கும் மெழுகுவத்திக்கும் ஒரே சொல்தான்: பூஜி. தீக்குச்சியை எட்ட நின்று நீட்டினால் திரி பற்றுமா? பாயின்ட், காயில் வைத்த பழைய இக்னிஷன் தரும் மின்னழுத்தம் குறைவு. சமதரையில் எப்படியோ பொறி தாவிவிடும். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி தாவாது, வண்டி இருமும். இடைவெளி அளவுக்கு மேல் குறைந்தாலும் பொறி சிறுத்து ஐடிலிங் தடுமாறும்.

"பிளக் கம்பெனியிலேயே கேப் வெச்சுத்தான் வருது" என்பார்கள். வாஸ்தவம். ஆனால் அது எந்த வண்டிக்குப் போகப்போகிறது என்று அட்டைப் பெட்டிக்குத் தெரியுமா? எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்த புதுக் கார்களுக்கு 1.1 சரிதான், இரிடியமும் நெடுநாள் உழைக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. அந்த வண்டிக்கு அது, இந்த வண்டிக்கு இது.

நம்பரிலும் வம்பு இருக்கிறது. இன்றைய போஷ் பிளக்கில் எண் ஏற ஏற 'ஹாட்' பிளக். என்ஜிகேயில் எண் ஏற ஏற 'கோல்டு' பிளக். இது தெரியாமல் 'பெரிய நம்பர் ஒசத்தி' என்று மாட்டினால், ஒன்று கரி பிடிக்கும், இல்லை அளவுக்கு மீறிச் சூடேறும். மரையின் நீளத்தையும் பார்க்க வேண்டும். நீளம் கூடிய பிளக் பிஸ்டனிலேயே இடிக்கலாம்.

சாதாரண நிக்கல் பிளக் நான்கு வாங்கினேன். மேல் கொம்பை மட்டும் மெதுவாகத் தட்டி 25 தௌ வைத்தேன். நடுக்கம்பியைத் தொடவே கூடாது. கேஜ் லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. கையால் திருகி உட்காரவைத்து, புது வாஷர் என்பதால் ஸ்பானரால் இன்னும் அரைச் சுற்று. அரை மணி நேர வேலை. அன்று சாயங்காலமே பாலத்தில் ஏறினேன். இருமல் இல்லை. இரண்டு வாரம் ஓட்டிக் கழற்றிப் பார்த்தேன், முனை காபித்தூள் நிறத்தில் இருந்தது. கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் சூடு அதிகம்.

ஆபீசில் ஃபைலைப் படிக்காமல் இனிஷியல் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அளக்காமல் பிளக் மாட்டுவதும் அதே ஜாதிதான். ஆனால் அங்கே கெட்டது ஒரு காகிதம். இங்கே நல்ல இன்ஜினுக்கு மரண சர்டிபிகேட் எழுதிவிடுகிறார்கள்.

பழைய வண்டி வைத்திருக்கும் என் வயதுக்காரர்களே, "எடைக்குப் போடுங்க" என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கேப் எவ்வளவு தம்பி?" பதில் வரவில்லையா, சாவியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.