தண்ணீரில் பைக் ஓடாது நண்பர்களே!

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கொடுக்கிற நேரம் வந்தாச்சு. உங்க டீமில் யாராவது ஒருத்தர் கண்டிப்பா இதைச் சொல்லியிருப்பார்: "தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுத்து பைக் ஓட்டலாம்டா. யூட்யூப்ல எல்லாம் இருக்கு." ஒரு பிளாஸ்டிக் டப்பா, ரெண்டு ஸ்டீல் தகடு, கொஞ்சம் காஸ்டிக் சோடா, பைக் பேட்டரியிலிருந்து ரெண்டு வயர். குமிழி குமிழியா வரும். பார்க்க நல்லாத்தான் இருக்கும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்க. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அதைத் திரும்பப் பிரிக்க வேண்டுமென்றால், எரியும்போது அது கொடுத்த ஆற்றலைவிடக் கூடுதலாக நாம் கொடுத்தாக வேண்டும். இந்த பைக்கில் அதைக் கொடுப்பது யார்? பேட்டரி. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது? அதே எஞ்சின். எஞ்சின் குடிப்பது? பெட்ரோல். எப்படிச் சுத்தி வந்தாலும் பில் பெட்ரோல் பங்கில்தான்.

இந்தக் கதை நம்ம பக்கத்துக்குப் புதுசும் இல்லை. 1996-ல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து ராமர் பிள்ளையின் 'மூலிகைப் பெட்ரோல்' கிளம்பியபோது நாடே வாயைப் பிளந்து பார்த்தது. 2016-ல் சென்னை நீதிமன்றம் மோசடி வழக்கில் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. நாம பிறக்கிறதுக்கு முந்தின கதைதான். ஆனாலும் தெர்மோடைனமிக்ஸ் பேப்பர் எழுதிப் பாஸான நாமே அதே ரூட்டில் போகலாமா?

அப்போ ஹைட்ரஜன் சும்மாவா என்று கேட்காதீங்க. அது என்ன என்பதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் போதும். நம்ம கரிசல்காட்டுப் பழைய வீடுகளில் குலுக்கை இருக்கும். கம்பும் சோளமும் கொட்டி வைக்கிற மண் குலுக்கை. அது எதையும் விளைவிக்காது, விளைந்ததைச் சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். பேட்டரியும் ஒரு குலுக்கை, ஹைட்ரஜனும் ஒரு குலுக்கை. போட்டதில் எவ்வளவு திரும்ப வருகிறது, எவ்வளவு நாள் தாங்குகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் கரண்ட் வேண்டும். அந்த ஒரு கிலோவில் இருக்கும் ஆற்றல் சுமார் 33 யூனிட். அதை 700 பார் அழுத்தத்தில் டேங்க்கில் அடைக்க மேலும் செலவு. வண்டிக்குள் ஃப்யூயல் செல் அதைத் திரும்பக் கரண்ட்டாக மாற்றும்போது ஏறக்குறைய பாதி வெப்பமாகப் போய்விடும். டொயோட்டா மிராய் கார் 5.6 கிலோ ஹைட்ரஜனில் 650 கிலோமீட்டர் வரை போகும். ஆக 100 கிலோமீட்டருக்கு 45 யூனிட்டுக்குக் குறையாது. அதே தூரத்துக்கு ஒரு பேட்டரி கார் கேட்பது 15 முதல் 20 யூனிட். காற்றாலைக்காரர் எந்த வண்டிக்குக் கரண்ட் விற்றாலும் அவருக்கு ஒரே காசு. வண்டிக்காரருக்குத்தான் இரண்டு, மூன்று மடங்கு.

இதை மனசில் வச்சுக்கிட்டு தூத்துக்குடியைப் பாருங்க. 2025 செப்டம்பரில் வ.உ.சி. துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் முன்னோடி ஆலை திறந்தார்கள். செலவு 3.87 கோடி ரூபாய், மணிக்கு 10 கன மீட்டர் உற்பத்தி. எடையில் சொன்னால் ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. அந்த ஹைட்ரஜன் துறைமுகக் குடியிருப்பில் தெருவிளக்கு எரிக்கவும், மின்வாகனங்களுக்குச் சார்ஜ் ஏற்றவும் போகிறது. கரண்ட்டை ஹைட்ரஜனாக்கி, அதை மறுபடி கரண்ட்டாக்கி, அதைக் கொண்டுபோய் கார் பேட்டரியில் ஏற்றுவது! மூக்கைச் சுற்றித் தொடுவது என்று ஊரில் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆலை நடத்தப் பழகுவதற்கான முன்னோட்டம் என்றால் சரி, பழகட்டும். இதுதான் நாளைய வண்டிக்கு வழி என்று யாராவது மேடையில் பேசினால் மட்டும் கைதட்டாதீங்க.

அதே துறைமுகத்தில் ஹைட்ரஜனுக்கு நிஜமான வேலை இருக்கிறது. கடல் தாண்டும் கப்பலைப் பேட்டரியில் ஓட்டினால் சரக்கு ஏற்ற இடம் மிஞ்சாது. உரத்துக்கான அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் இல்லாமல் முடியாது. இன்றைக்கு அது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. இன்னொன்று, நம்ம காற்று. கயத்தாறு பக்கம் பஸ்ஸில் போகிற எல்லாருக்கும் தெரியும், ஆனி ஆடியில் இறக்கைகள் எப்படிச் சுற்றும், மார்கழி தையில் எப்படிச் சோம்பி நிற்கும் என்று. பகல் வெயிலை ராத்திரிக்கு எடுத்துவைக்க பேட்டரி போதும். ஆடிக் காற்றைத் தைக்கு எடுத்துவைக்கப் பேட்டரி கட்டுபடியாகாது. அங்கே ஹைட்ரஜனோ, மைனஸ் 33 டிகிரியிலேயே திரவமாகிவிடும் அம்மோனியாவோ தான் ஏற்ற குலுக்கை.

தண்ணீர்? ஒரு கிலோவுக்குக் குறைந்தது 9 லிட்டர். ஒரு டன்னுக்கு ஏறத்தாழ ஒரு டேங்கர் லாரி. சுத்திகரிப்பில் கழிவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். பயப்படுகிற அளவு இல்லை என்றாலும், சீவலப்பேரியிலிருந்து குழாய் போட்டுத் தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற கோவில்பட்டியில் அதைச் செய்ய வேண்டியதில்லை. கரண்ட் கம்பியில் கடற்கரைக்குப் போகட்டும், அங்கே கடல்நீரைச் சுத்திகரித்துச் செய்யட்டும்.

சரி, ப்ராஜெக்டுக்கு வருவோம். நம்ம ஊரில் தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிற குட்டியானை ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எவ்வளவு பாரத்தோடு, எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறது? பத்து வண்டியில் பத்து நாள் அளந்தால் அதற்கு எத்தனை யூனிட் பேட்டரி வேண்டும் என்று சொல்லிவிடலாம். சித்திரை வெயிலில் நிற்கிற வண்டியின் பேட்டரிப் பெட்டிக்குள் எத்தனை டிகிரி? அதற்கு ஒரு தெர்மோகப்பிள் போதும். கெமிஸ்ட்ரி பிடிக்கிறவங்க சோடியம் அயனி பேட்டரி பக்கம் போங்க: லித்தியத்தைவிடக் கனம்தான், ஆனால் ஷேர் ஆட்டோவுக்கும் காற்றாலை ஸ்டோரேஜுக்கும் கனம் பெரிய குறை இல்லை, சோடியத்துக்கான உப்போ தூத்துக்குடி அளத்தில் குவிந்து கிடக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-லிருந்து இயங்குகிறது. இங்கிருந்து ஒரு பஸ் தூரம். இன்டர்ன்ஷிப்புக்கு அங்கே எழுதிப் பாருங்க. ஹைட்ரஜன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் எலக்ட்ரோலைசர் செய்யுங்க, தாராளமாக. யூனிட் மீட்டர் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே மாட்டி, ரெண்டு ரீடிங்கையும் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் போடுங்க.