சொற்களை நாடுகடத்தும் அரசியல்

துருக்கி அரசாங்கம் விடுத்த வேண்டுகோளை ஏற்று, ஐக்கிய நாடுகள் சபை 2022 ஜூன் மாதம் முதல் அந்நாட்டின் பெயரை ஆங்கிலத்திலும் 'துர்க்கியே' என்றே வழங்கி வருகின்றது. பிறர் இட்ட பெயரைச் சுமந்து நிற்க ஒரு தேசம் விரும்பாததில் வியப்பேதுமில்லை. ஆயினும் எது சொந்தச் சொல், எது அந்நியச் சொல் என்ற வினா அந்நாட்டுக்குப் புதியதன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலமாக அவ்வினா அதன் அரசியலை அலைக்கழித்து வந்துள்ளது. மொழித்தூய்மையை அரச அதிகாரத்தின் துணையுடன் மிக விரிவாக நடைமுறைப்படுத்திய நாடுகளுள் துருக்கி முதன்மையானது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டுள்ள தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டுமே அந்த அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவை உள்ளன.

உஸ்மானிய சாம்ராஜ்யத்தின் அரசகரும மொழி சாதாரண மக்கள் பேசிய துருக்கி மொழியிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தது. அரபு, பாரசீகச் சொற்கள் மட்டுமன்றி, அம்மொழிகளின் இலக்கண அமைப்புகளும் அதில் கலந்திருந்தன. அரசாங்கம் விடுத்த கட்டளை கிராமத்து விவசாயிக்கு விளங்கவில்லை. 1927ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்போது எழுத வாசிக்கத் தெரிந்தோர் பத்தில் ஒருவர் என்ற அளவிலேயே இருந்தனர். இந்நிலையில், முஸ்தபா கமால் அதாதுர்க் 1928 நவம்பரில் அரபு எழுத்துக்குப் பதிலாக இலத்தீன் எழுத்தைச் சட்டமாக்கினார். 1932இல் மொழிக் கழகம் ஒன்றை நிறுவி, அரபு, பாரசீகச் சொற்களுக்குப் பதிலாகத் துருக்கிச் சொற்களைக் கண்டறியும் பணியை ஆரம்பித்து வைத்தார். பழைய நூல்களிலும் கிராமத்தவர் பேச்சிலும் இருந்து சொற்கள் திரட்டப்பட்டன. கிடைக்காதவை புதிதாக ஆக்கப்பட்டன.

இம்முயற்சியினால் நன்மைகள் விளைந்தன என்பதை மறுப்பதற்கில்லை. அதாதுர்க் தாமே எழுதி 1937இல் வெளியான கேத்திரகணித நூலை இதற்கு உதாரணமாகக் கூறலாம். முக்கோணத்தைக் குறித்த அரபுச் சொல்லைப் பொருள் விளங்காமலே மனனம் செய்துவந்த மாணவனுக்கு, 'மூன்று' என்ற தன் தாய்மொழிச் சொல்லிலிருந்து பிறந்த 'உச்கென்' என்ற பதம் கிடைத்தது. கல்வி கற்போருக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்லாக்கம் செய்வது எந்த மொழிக்கும் உரிய இயல்பான கடமையாகும்.

பிரச்சினை வேறோரிடத்தில் தோன்றியது. அரபுச் சொற்களும் பாரசீகச் சொற்களும் அந்நியமெனத் தள்ளப்பட்ட அதே காலத்தில், 'ஒதோபுஸ்', 'ஷொஃபோர்', 'இஸ்தஸ்யோன்' முதலான பிரெஞ்சுச் சொற்கள் எவ்வித இடையூறுமின்றி நிலைத்திருந்தன. நகரத்தைக் குறிக்கும் 'ஷெஹிர்' பாரசீகம் என்பதால் ஒதுக்கப்பட்டு, 'கென்த்' என்ற சொல் முன்னிறுத்தப்பட்டது. அதுவும் ஈரானிய மொழியொன்றிலிருந்து பண்டைக் காலத்தில் துருக்கிக்குள் புகுந்த சொல்லேயாகும். அதாதுர்க் தலைமை தாங்கிய குடியரசு மக்கள் கட்சியின் பெயரில் 'குடியரசு', 'மக்கள்' என்பவற்றைக் குறிக்கும் இரண்டு சொற்களும் அரபு. 'கட்சி' என்பதைக் குறிக்கும் சொல் பிரெஞ்சு. அந்தப் பெயர் இன்றுவரை மாறவில்லை.

ஆகவே, ஒரு சொல்லை அந்நியமாக்கியது அதன் வேரன்று, ஆட்சியின் திசையே. 1924இல் கிலாபத்தை ஒழித்து மேற்கு நோக்கித் திரும்பிய ஓர் அரசுக்குக் கிழக்கிலிருந்து வந்த சொற்கள் சுமையாகத் தோன்றின; மேற்கிலிருந்து வந்தவை முன்னேற்றமாகத் தோன்றின. இதுவே நாம் இங்கு வலியுறுத்த விரும்பும் விடயமாகும்.

சொற்களின் பட்டியல்கள் வெளியானபோது பத்திரிகை அலுவலகங்களில் நிகழ்ந்தது, அத்தொழிலில் ஈடுபட்டுள்ள எமக்குச் சிரிப்பையும் வேதனையையும் ஒருங்கே தருகின்றது. கட்டுரையாளர் தமக்குப் பழகிய மொழியில் எழுதிக் கொடுப்பார். அதற்கென அமர்த்தப்பட்ட ஒருவர் பட்டியலைப் பார்த்துச் சொற்களை மாற்றி அச்சுக்கு அனுப்புவார். எழுதியவருக்கே தம் கட்டுரை விளங்காத நிலை அது. 1936இல் நடைபெற்ற மொழி மாநாட்டிலோ, உலக மொழிகள் யாவும் துருக்கியிலிருந்தே பிறந்தன என்ற விசித்திரக் கோட்பாடு முன்வைக்கப்பட்டது. அதன்படி எந்தச் சொல்லும் அந்நியச் சொல்லன்று. தூய்மை தேடிப் புறப்பட்டவர்கள் களைத்துப்போய் ஓய்வெடுக்க இக்கோட்பாடு ஒரு நிழல் தந்தது எனலாம்.

இதன் விளைவுகள் நெடுங்காலம் நீடித்தன. அதாதுர்க் 1927 ஒக்டோபரில் ஆறு நாட்களாக நிகழ்த்திய புகழ்பெற்ற உரையை, அவரது பேரப்பிள்ளைகளின் தலைமுறைக்காக 1960களில் இக்காலத் துருக்கியில் 'மொழிபெயர்க்க' வேண்டியேற்பட்டது. நாட்டின் அரசியலமைப்பு 1945இல் தூய துருக்கியில் மாற்றி எழுதப்பட்டது. ஆட்சி மாறியதும் 1952இல் பழைய சொற்களுக்கே திருப்பப்பட்டது. வாழ்க்கையை 'ஹயாத்' என்பவர் பழைமைவாதி, 'யஷாம்' என்பவர் இடதுசாரி எனச் சொல்லைக் கொண்டே கட்சியை இனங்காணும் நிலை உருவாகியது. 1980ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சிக்குப் பின்னர் காற்று எதிர்த்திசையில் வீசியது. 1985இல் அரச ஒலிபரப்பு நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட புதிய சொற்களுக்குத் தடை விதித்தது. முன்னர் அரபுச் சொல் குற்றவாளியாயிற்று. பின்னர் தூய சொல் குற்றவாளியாயிற்று.

அரசு வழிபாட்டிலும் கைவைத்தது. 1932 முதல் பள்ளிவாசல்களில் அதான் துருக்கி மொழியில் ஒலிக்கச் செய்யப்பட்டது. 'அல்லாஹ்' என்ற திருநாமத்துக்குப் பதிலாகத் 'தன்ரி' என்ற பழந்துருக்கிச் சொல் புகுத்தப்பட்டது. 1941இல் அரபு அதான் தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. 1950இல் பதவிக்கு வந்த அத்னான் மெண்டரஸ் அரசாங்கம் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று அத்தடையை நீக்கியதாகும். மக்கள் தம் உள்ளத்தில் வைத்துப் போற்றும் சொல்லைச் சட்டத்தினால் பறிக்க முடியாது என்பதற்கு இது போதிய சான்றாகும்.

தன் சொற்களைத் தூய்மைப்படுத்திய அதே அரசு, குர்தியரின் மொழியை ஒடுக்கவும் தயங்கவில்லை. துருக்கி நெடுங்கணக்கில் இல்லாத, குர்திய மொழிக்கு இன்றியமையாத மூன்று எழுத்துகளுக்கு விதிக்கப்பட்டிருந்த தடையை நீக்கும் அறிவிப்பு 2013இலேயே வெளியாகியது. தன் பிள்ளைக்குத் தாய்மொழியில் பெயரிட விரும்பிய குர்தியத் தந்தை அதுவரை ஓர் எழுத்துக்காக அரசுடன் போராட வேண்டியிருந்தது.

இனி எமது வீட்டுக்குள் திரும்பிப் பார்ப்போம். நாம் அமரும் கதிரையும் மண் கிளறும் அலவாங்கும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. கந்தோர் ஒல்லாந்தருடையது. எமது பத்திரிகைகளில் நாள்தோறும் இடம்பெறும் மகஜர், கைது, ரத்து, வாரிசு, பாக்கி முதலானவை அரபு வழி வந்தவை. இன்னொரு பக்கம், முஸ்லிம் சகோதரர்கள் தம் வணக்க வழிபாடுகளைத் தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல் என நல்ல தமிழ்ச் சொற்களாலேயே வழங்கி வருகின்றனர். அரபு வேர் கொண்ட சொல்லை இந்துவும் கிறிஸ்தவரும் பேச, தமிழ் வேர் கொண்ட சொல்லால் முஸ்லிம் தன் மார்க்கத்தைச் சொல்கின்றார். இதில் எவருடைய மொழி தூயது?

1916இல் மறைமலை அடிகள் தொடக்கி வைத்த தனித்தமிழ் இயக்கத்தின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வடமொழிச் சுமையினால் பொதுமக்களுக்கு எட்டாதிருந்த தமிழ் அதனால் எளிமையும் தன்னம்பிக்கையும் பெற்றது. யுத்த காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பிரதேசங்களில் பரவிய 'வெதுப்பகம்', 'குளிர்களி' போன்ற சொற்கள் இன்றும் வடக்கில் வழக்கிலுள்ளன. அழகிய சொற்களே. ஆனால் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட பல்லாயிரக்கணக்கான முஸ்லிம்கள் பேசியதும் தமிழே என்பதை நாம் மறத்தலாகாது. ஒன்று மற்றொன்றின் விளைவு என்று நாம் கூறவரவில்லை. சொற்களைப் போற்றிய கைகள், அச்சொற்களைப் பேசிய மனிதரைப் போற்றத் தவறின என்பதையே சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

இந்நாட்டில் தமிழுக்கு நேர்ந்துள்ள ஆபத்து கதிரையாலோ மகஜராலோ வந்ததன்று. 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்ட பின்னரும், தமிழ் பேசும் மக்கள் தமக்கு விளங்காத மொழியில் அரச கடிதங்களைப் பெறுவதும், பெயர்ப்பலகைகளில் தமிழ் சிதைக்கப்படுவதுமே உண்மையான ஆபத்து. அதனை எதிர்கொள்ளத் தமிழ் பேசும் அனைவரும் ஒன்றுபட்டு நிற்க வேண்டியுள்ளது. புதிய சொற்களை ஆக்குவோம். அவை விளங்குமாயின் மக்கள் தாமாகவே ஏற்றுக்கொள்வர். ஆனால், எம் அயலவர் நாவில் நூற்றாண்டுகளாகக் குடியிருக்கும் ஒரு சொல்லை வெளியேற்ற எண்ணுமுன், அச்சொல்லோடு சேர்ந்து வெளியேறப்போவது யார் என்பதை ஒரு கணம் சிந்திப்போமாக.