ஊரைக் கடைசிக்குத் தள்ளிய சாலை

கரமனை – களியக்காவிளை சாலையைத் துண்டு துண்டாக வெட்டி அகலப்படுத்தலாம் என்று எடுத்த முடிவு தவறு. அந்தத் துண்டுகளில் பாலராமபுரத்தை ஓரமாக ஒதுக்கி வைத்தது அதைவிடப் பெரிய தவறு. கரமனையிலிருந்து பிராவச்சம்பலம் வரை முதலில் முடித்தார்கள். பிறகு கொடிநடை வரை வந்தார்கள். 30.2 மீட்டர் அகலம், நான்கு வழி, நடுவே தடுப்பு, எல்லாம் சரிதான். கொடிநடையில் அந்த அகலம் நின்றுவிட்டது. அங்கிருந்து வழிமுக்கு வரை ஒன்றரை கிலோமீட்டர்தான். அந்த ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான் பாலராமபுரம் இருக்கிறது. விழிஞ்ஞம் சாலையும் காட்டாக்கடை சாலையும் வந்து முட்டும் சந்திப்பு இருக்கிறது, கடைகள் இருக்கின்றன, கைத்தறித் தெருக்கள் இருக்கின்றன.

நான்கு வழியில் பாய்ந்து வரும் வண்டிகளைப் பழைய ஒற்றைச் சாலைக்குள் கொட்டினால் என்ன ஆகும் என்பதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர் படிப்பு தேவையில்லை. காரக்கோணத்து மருத்துவக் கல்லூரியிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு தனுவச்சபுரம், அமரவிளை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு விரையும் ஆம்புலன்ஸும் அங்கேதான் நிற்கிறது. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் சரக்கு எடுத்துவிட்டு ஊர் திரும்பும் நம் கடைக்காரரின் டெம்போவும் அங்கேதான் நிற்கிறது.

நெரிசலைப் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது. நாம் சொல்ல வருவது வேறு. அளவெடுத்து எல்லைக்கல் நட்ட நாளிலிருந்து அந்தக் கடைத்தெரு பட்ட பாட்டை யாரும் கணக்கெடுக்கவில்லை. கல் நட்ட கடையின் கூரை ஒழுகினால் உரிமையாளர் மாற்ற மாட்டார். இடிபடப் போகும் சுவருக்கு யார் சுண்ணாம்பு அடிப்பார்கள்? வாடகைக்காரர் புது அலமாரி போட மாட்டார். அந்தக் கடையை நம்பி வங்கியும் எளிதில் கடன் தராது. மகனுக்குத் தொழிலை ஒப்படைக்க நினைத்தவர், "கொஞ்சம் பொறு, ரோடு வரட்டும்" என்கிறார். அவன் பொறுத்துப் பார்த்துவிட்டு வளைகுடாவுக்குப் போகிறான். ஒரு கடைத்தெரு இடிபடுவதற்கு முன்பே இப்படித்தான் சாகிறது. இழப்பீட்டுத் தாளில் நிலத்துக்கு விலை உண்டு, கட்டடத்துக்கு விலை உண்டு. காத்திருந்த ஆண்டுகளுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

வாடகைக்காரரின் நிலை இன்னும் மோசம். நிலத்தின் விலை உரிமையாளருக்குப் போய்விடும். முப்பது ஆண்டு ஒரே கடையில் தையல் இயந்திரம் மிதித்தவருக்கும், பாத்திரம் விற்றவருக்கும், டீ ஆற்றியவருக்கும் அந்த இடமும் அங்கே வந்து பழகிய ஆட்களும்தான் முதல். கையகப்படுத்தும் பகுதியில் மூன்று ஆண்டாகப் பிழைப்பு நடத்தியவரையும் பாதிக்கப்பட்டவராகக் கருத 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த வரியின் உயிரை மதித்திருந்தால், இடிப்பதற்கு முன்பே அருகில் மாற்றுக் கடைகள் எழுந்திருக்க வேண்டும்.

பாலராமபுரம் எப்படிப் பிறந்த ஊர் என்பதை முடிவெடுத்தவர்கள் ஒரு நிமிடம் நினைத்தார்களா? திருவிதாங்கூர் மன்னர் அவிட்டம் திருநாள் பாலராம வர்மாவின் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியில், தமிழ் பேசும் சாலியர் குடும்பங்களை வரவழைத்துத் தெரு போட்டுக் குடியேற்றினார்கள். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத்தெரு என்று இன்றும் பெயர் சொல்கின்றன அவை. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கஞ்சி போடுவது அங்குள்ள தொழில்முறை. தொழிலுக்காகத் தெருவை அமைத்தார்கள், தெருவே தொழிற்கூடம் ஆனது. குழித்தறியில் நெய்த அந்தக் கசவு வேட்டிக்கும் சேலைக்கும் இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. ஓணத்துக்கு முந்தைய வாரங்கள்தான் அவர்களின் அறுவடைக் காலம். அந்த வாரங்களில் வாங்க வருபவருக்கு வண்டி நிறுத்த இடமில்லை. நெரிசலைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு நகரத்துப் பெரிய துணிக்கடைக்குப் போய்விடுகிறார். நெய்த கைக்குப் போக வேண்டிய காசு அப்படியே கைமாறிவிடுகிறது.

இந்த நெசவாளர்களை ஏமாற்றியது இது முதல் தடவையும் அல்ல. பள்ளிக் குழந்தைகளுக்குக் கைத்தறிச் சீருடை என்று 2017இல் ஒரு நல்ல திட்டம் தொடங்கியது. தறிகள் மறுபடி ஓடின. பிறகு கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது, நெய்தவர்கள் கூலி கேட்டு அலைந்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்து நூற்பாலை ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்ததையும் இதே ஊர்தான் பார்த்தது. கடைக்காரரைக் கேட்காமல் முடிவெடுத்ததற்கும் உதாரணம் உண்டு: இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் தம்பானூர். பேருந்து நிலையத்தின் மேல் அடுக்கடுக்காக வணிக வளாகம் எழுப்பி 2014இல் திறந்தார்கள். தளங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தன. கடை நடத்துபவரிடம் முதலில் கேட்டிருந்தால் எவ்வளவு வாடகை தாங்கும் என்று அவரே சொல்லியிருப்பார். கட்டடம் கட்டினால் வியாபாரம் தானாக வரும் என்று அங்கே நம்பினார்கள். வியாபாரம் எவ்வளவு காலமும் காத்திருக்கும் என்று இங்கே நம்புகிறார்கள். இரண்டு இடத்திலும் கேட்கப்படாத ஆள் ஒருவரே, கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்.

களியக்காவிளையை ஒட்டிய காரோட்டிலிருந்து கழக்கூட்டம் வரை புறவழிச்சாலை வந்துவிட்டதே, பழைய சாலைக்கு என்ன அவசரம் என்று சிலர் கேட்கிறார்கள். புறவழிச்சாலை ஊரைத் தொடாமல் போவதற்காகப் போட்டது. அதில் போகும் வண்டி நெய்யாற்றின்கரையில் ஒரு டீ குடிக்காது, பாறசாலையில் ஒரு பை அரிசி வாங்காது. நம் ஊர்களுக்குச் சோறு போடுவது பழைய சாலைதான். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் திருவனந்தபுரத்தில் வணிகத்தை வளர்க்க அமைத்த கடைத்தெருவுக்கே சாலை என்றுதான் பெயர் நிலைத்தது.  வழியும் வியாபாரமும் ஒன்று என்பது இருநூறு ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் தெரிந்திருந்த விஷயம்.

இப்போது விழிஞ்ஞம் துறைமுகமும் வந்துவிட்டது. 2025 மே 2ஆம் தேதி பிரதமரே வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். அங்கிருந்து ரயில் பாதை வந்து சேரத் திட்டமிட்டிருக்கும் இடமும் பாலராமபுரம்தான். உலகத்தின் மிகப் பெரிய கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகத்தின் வாசலில், இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்தால் மூச்சுத் திணறும் சந்திப்பை இவ்வளவு காலம் விட்டுவைத்தவர்கள் யாருக்குப் பதில் சொல்வார்கள்? அந்தச் சந்திப்பில் சுரங்கப்பாதை என்ற பேச்சே எத்தனை ஆண்டு ஓடியது!

வழிமுக்கிலிருந்து களியக்காவிளை வரையிலான மிச்சத்தையாவது இப்படிக் கையாளக் கூடாது. நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று அந்த வழி நெடுகக் கடைத்தெருக்கள்தான். வியாபாரிகளையும் நெசவாளர்களையும் வாடகைக்காரர்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். கல் நடும் நாளிலேயே வேலை முடியும் நாளையும் சொல்லுங்கள்.