பார்த்ததற்கும் கூலி உண்டு

“மாத்திப் பார்ப்போம்ணே.” பழைய டீசல் பிக்கப் வைத்திருக்கிறவர்களைக் கடனாளி ஆக்குவது இந்த ஒரு வார்த்தைதான். காலையில் செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரியை மாத்திப் பார்ப்போம். மறுபடியும் எடுக்கவில்லையா? ஆல்டர்னேட்டரை மாத்திப் பார்ப்போம். ஐடிலிங் நிலையாக நிற்காமல் ஏறி ஏறி இறங்குகிறதா? பம்பைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பிப் பார்ப்போம். மாற்றுவது எல்லாம் நடக்கிறது, வண்டிக்காரர் காசில். பார்ப்பதுதான் நடப்பதில்லை.

டீசல் வண்டிகளோடு பணிமனையில் முப்பத்து நாலு வருஷம் கிடந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இதற்கு வைத்தியம் என்று பேர் வைக்கக் கூடாது. இது சூதாட்டம்.

எங்கள் தெருக்காரர் ஒருவர் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் ஏற்றிப் பிழைப்பவர். தக்காளி நேரத்துக்கு மண்டிக்குப் போகாவிட்டால் அன்றைய விலை போச்சு, வாடகையும் போச்சு. அவர் வண்டிக்கு இரண்டு கோளாறு. காலையில் செல்ஃப் திணறும். சிக்னலில் நின்றால் இன்ஜின் விட்டு விட்டு ஓடி அணைந்துவிடும். ஒரு பட்டறையில் வரிசையாகப் பேட்டரி, ஆல்டர்னேட்டர், பம்ப் சர்வீஸ் எல்லாம் முடிந்தது. மனைவியின் தோடு அடகுக்குப் போனது. கோளாறு மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் அகப்பட்டது என்ன தெரியுமா? இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையின் போல்ட் அடியில் துரு. தொட்டியிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் ஒரு வெடிப்பு. ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு அடி ஹோஸ், இரண்டு கிளிப். அவ்வளவுதான் வைத்தியம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். சாதாரண மல்டிமீட்டர் போதும். நன்றாகச் சார்ஜ் ஏறி, ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். அதை ஏன் கழற்ற வேண்டும்?

எர்த்தைப் பார்ப்பது இன்னும் சுலபம். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸ் முனையின் ஈயத்தில், இன்னொரு முனை இன்ஜினின் வெறும் இரும்பில். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருடன் எர்த்தில் இருக்கிறான். டீசல் வண்டியின் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். அந்த ஓட்டத்தில் துருப்பிடித்த இணைப்பில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே தின்று போகும். புதுப் பேட்டரி போட்டால் இரண்டு நாள் சமாளிக்கும். அதைப் பார்த்து “கோளாறு போச்சு” என்பார்கள். போகவில்லை, ஒளிந்துகொண்டது.

ஐடிலிங் கதையும் இதே கதைதான். பழைய மெக்கானிக்கல் பம்ப் உள்ள டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் கிடையாது. ஓட ஆரம்பித்த பிறகு, நிறுத்துவதற்கான சோலனாய்டு இருந்தால் அதற்குப் போகும் ஒயரைத் தவிர, மின்சாரத்தால் அதற்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. அந்த ஒயரின் சாக்கெட் ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு டீசலைப் பாருங்கள். தொட்டியிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்த வழியில் ஓட்டை இருந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் “எங்கேயும் ஒழுகல, அப்போ பம்ப்தான்” என்று துணிந்து சொல்லிவிடுகிறார்கள். சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, தொட்டியை விட்டுவிட்டு நேராக ஃபீட் பம்புக்கு ஒரு ஹோஸ் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். ஐடிலிங் நின்றுவிட்டால் பம்ப் நிரபராதி. பத்து நிமிஷ வேலை.

இதைச் செய்யாமல் ஐடில் ஸ்குரூவைத் திருகி ஆர்.பி.எம்.மை ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்களே, காய்ச்சல்காரனுக்குச் சட்டை மாற்றிவிட்டு அனுப்புகிற வைத்தியர்கள் அவர்கள். இன்னொரு கூட்டம், ஓடுகிற வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, “வண்டி நிக்கலையே, டைனமோ நல்லா இருக்கு” என்கிறது. அது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் எகிறி டையோடு போகும். நல்ல பாகத்தைச் சோதிக்கிறேன் என்று கெடுத்துவிட்டு, அதையும் மாற்றச் சொல்வார்கள்.

“எங்களுக்கு அனுபவம் இருக்கு, மீட்டர் எதுக்கு?” என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில். எங்கே மீட்டரை வைக்க வேண்டும் என்று சொல்வதுதான் அனுபவம். மீட்டர் காட்டப் போவதைக் காதால் கேட்டுச் சொல்வது ஜோசியம்.

ஆனால் மெக்கானிக்கை மட்டும் திட்டி முடித்தால் அது நியாயம் ஆகாது. ஒரு பையன் ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்து, எர்த் போல்ட்டைச் சுரண்டி முடுக்கிக் கொடுத்துவிட்டு ஐந்நூறு ரூபாய் கேட்டால், “என்னப்பா, ஒரு சாமானும் போடல, இதுக்கு ஐந்நூறா?” என்று நூறு ரூபாயை நீட்டுகிறது யார்? வண்டிக்காரர்கள்தான். அதே ஆள் எட்டாயிரத்துக்குப் பேட்டரி போட்டால் மறு பேச்சில்லாமல் கொடுக்கிறார்கள். மூளைக்குக் கூலி இல்லை, சாமானுக்கு உண்டு என்றால், அவன் சாமானைத்தானே விற்பான்? கடைக்காரன் கமிஷனும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். டாக்டர் மருந்து எழுதாமல் “ஒன்றும் இல்லை, போங்கள்” என்று அனுப்பினாலும் ஃபீஸ் கொடுத்துவிட்டுத்தானே வருகிறோம்?

ஆகவே, வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, பட்டறைக்குப் போனதும் முதலில் இதைச் சொல்லுங்கள்: “தம்பி, கோளாறைக் கண்டுபிடிக்கக் கூலி தனியாகத் தருகிறேன். சாமான் போட்டாலும் போடாவிட்டாலும் தருகிறேன்.” எதை மாற்றச் சொன்னாலும் மீட்டர் என்ன காட்டியது என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். மாற்றிய பழைய சாமானைக் கையோடு வாங்கி வாருங்கள். காமன் ரெயில் வண்டியாக இருந்தால் டீசல் லைனில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அங்கேயும் இதே கேள்வியைக் கேட்கலாம், ஸ்கேனர் என்ன சொன்னது என்று.

பதினைந்து வருஷ வண்டியைக் கிழவி என்று காயலான் கடைக்குத் தள்ளுகிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு வந்தது முதுமை இல்லை, துருப்பிடித்த ஒரு போல்ட். அதைத் தேடிக் கண்டுபிடிக்கிற பையனுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுங்கள். எட்டாயிரம் மிஞ்சும்.